எழுதப்படாத விண்ணப்பம்

குண்டனி நாட்டில் முன்னாளில் ஒரு வழக்கு எழுந்தால் அது வாய்ச்சொல்லாகவே தொடங்கி வாய்ச்சொல்லாகவே முடிந்தது. குறையுடையவர் ஊர்க்கவுண்டர் முன் நின்று சொல்வார். அங்குத் தீராதது நாட்டுக்கவுண்டரிடம் செல்லும். அங்கும் தீராதது பட்டக்காரரிடம் போகும். தாள் இல்லை, மை இல்லை, கையொப்பம் இல்லை. சொன்னவர் முகத்தையும் கேட்டவர் முகத்தையும் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

இது கொல்லிமலைக்கு மட்டும் உரிய வழக்கமன்று. இம்மலையை ஆண்ட ஓரியை வன்பரணர் பாடிய காலத்தில் இரவலன் நேரில் நின்றான். புரவலன் நேரில் கேட்டான். சோழர் கல்வெட்டுகளில் ‘விண்ணப்பம்’ என்னும் சொல்லைப் பலகாலும் காண்கிறோம். அங்கும் விண்ணப்பம் வாய்மொழியாக மன்னன் செவியை எட்டியது. பின்னர் ஆணையாகி ஓலையில் ஏறியது. எழுதுதல் ஆள்வோர் தரப்பு வேலையாக இருந்ததேயன்றிக் குறை சொல்வோரின் கடமையாக இருந்ததில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த முறை தலைகீழாயிற்று. ஆள்வோர் கடல் கடந்து இருந்தனர். அவர்களுக்குக் குறை சொல்ல விரும்பியவர் அதனைத் தாளில், அதுவும் ஆங்கிலத்தில், எழுதியாக வேண்டும். எழுதக் கல்வி வேண்டும். கல்விக்குப் பள்ளி வேண்டும். அந்தப் பள்ளிக்குள் எந்தச் சமயத்தைக் கற்பிப்பது என்பதே பின்னர்ப் பெரும் முறையீடுகளுக்கு உரிய பொருளாயிற்று. இந்த வளையத்திற்குள் நுழைந்தவர் யார், நுழைய இயலாமல் வெளியே நின்றவர் யார் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டயமும் பள்ளியும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டயத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்தானிய நாடாளுமன்றம் புதுப்பித்து வந்தது. 1813ஆம் ஆண்டுப் புதுப்பிப்பின்போது, சமயத் தொண்டர்களை இந்தியாவிற்குள் தடையின்றி அனுமதிக்க வேண்டுமென்று கோரி எண்ணூறுக்கும் மேற்பட்ட மனுக்கள் அந்நாட்டு மக்களிடமிருந்து நாடாளுமன்றத்திற்குச் சென்றன. அவ்வாண்டுச் சட்டத்தில் இரண்டு கூறுகள் இடம்பெற்றன. ஒன்று, சமயத் தொண்டர்கள் வருவதற்கு வழி திறந்தது. மற்றொன்று, கல்விக்கென ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒதுக்குமாறு பணித்தது. நம் நாட்டுக் கல்விக்கு அரசு பொறுப்பேற்ற முதற்சட்டமும் சமயப் பரப்புக்கு வழிவிட்ட சட்டமும் ஒரே தாளில் பிறந்தவை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. பின்வந்த சிக்கல்களுக்கெல்லாம் வேர் அங்கே இருந்தது.

சென்னை மாகாணத்தில் பள்ளிகளே இல்லாதிருந்தன என்று எவரும் கருத வேண்டா. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பின் முடிவு 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் காணப்படுகிறது. மாகாண மக்கள்தொகை 1,28,50,941; பள்ளிகள் 12,498; அவற்றில் பயின்றோர் 1,88,650 பேர். இவை திண்ணைப் பள்ளிகளும் அவை போன்றவையும் ஆகும். திண்ணை ஆசிரியரை ஊரார் நெல்லும் பணமும் கொடுத்துக் காத்தனர். அங்குக் கற்ற பாடத்தில் சமயம் இருந்தது. ஆயினும் அது பற்றி எவரும் மனு எழுதவில்லை. ஊரார் சமயமும் ஆசிரியர் சமயமும் பெரும்பாலும் ஒன்றாக இருந்ததே அதற்குக் காரணம். வரிப்பணத்தில் நடக்கும் அரசுப் பள்ளி வந்த பின்னரே, ‘எவர் பணம், எவர் சமயம்’ என்ற கேள்வி பிறந்தது.

1846: சென்னைக் கூட்டம்

சென்னையில் 1841இல் அரசு உயர்நிலைப் பள்ளி தொடங்கப்பெற்றது. ஐந்தாண்டுகள் கழித்து, 1846இல், ஆளுநர் டுவீடேல் பிரபு அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடநூலாக வைக்கலாம் என்று எழுதினார். ஒழுக்கக் கல்விக்கு அது இன்றியமையாதது என்பது அவர் கருத்து.

இதனை எதிர்த்து முன்நின்றவர் காசுலு இலட்சுமிநரசு செட்டியார். 1806இல் பிறந்த வணிகர். 1844இல் ‘கிரெசென்ட்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கியவர். தம் பொருளில் பெரும்பகுதியைப் பொதுப்பணியில் செலவிட்டவர். 1846 அக்டோபரில் சென்னையில் பெருங்கூட்டம் கூடியது. கம்பெனியின் இயக்குநர் அவைக்கு ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட முறையீடு ஒன்று அனுப்பப்பெற்றது. வரி செலுத்துவோர் அனைவரின் பணத்திலும் நடக்கும் பள்ளியில் ஒரு சாராரின் திருநூலை அனைவருக்கும் பாடமாக்குதல் முறையாகாது என்பதே அதன் சாரம். 1847இல் இயக்குநர் அவை டுவீடேலின் திட்டத்தை ஏற்க மறுத்தது.

இதனை முறையீட்டின் தனி வெற்றி என்று மட்டும் கொள்வதற்கில்லை. மக்களின் சமய உணர்வைக் கலைத்தால் ஆட்சியே கலையும் என்ற அச்சம் கம்பெனிக்கு எப்போதும் இருந்தது. எனினும் தென்னாட்டில் கல்வியும் சமயமும் குறித்த பொது முறையீடு ஒன்று ஆளுநரின் திட்டத்திற்கு எதிராகக் கடல் கடந்து சென்று, வேண்டிய விடையையும் பெற்றது. அந்த விடை, மனு எழுதுதல் பயனற்ற செயலன்று என்ற நம்பிக்கையை விதைத்தது.

நீலப் புத்தகங்கள்

அந்த நம்பிக்கையே 1852இல் சென்னைவாசிகள் சங்கமாக உருப்பெற்றது. அடுத்த ஆண்டு பட்டயம் புதுப்பிக்கப்பெற இருந்தது. நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் இந்திய ஆட்சியை ஆராயத் தனித்தனித் தெரிவுக்குழுக்களை அமைத்திருந்தன. சங்கம் நாடாளுமன்றத்திற்கு நீண்ட மனு ஒன்றை அனுப்பியது. நிலவரியின் கடுமை, வருவாய் அலுவலரின் கொடுமை, நீதி கிடைப்பதில் தாமதம், உப்புத் தனியுரிமை, பாசன வசதிகளும் சாலைகளும் பேணப்படாமை ஆகியவற்றோடு கல்விக்கு அரசு செலவிடுவது மிகக் குறைவு என்பதும் அதில் இடம்பெற்றது.

தெரிவுக்குழுவின் செயல்முறையைச் சற்று நின்று நோக்குதல் தகும். குழு சான்றாளரை அழைக்கும். உறுப்பினர் கேட்கும் ஒவ்வொரு வினாவிற்கும் எண் இடப்பெறும். விடை அப்படியே எழுதப்பெறும். மனுக்களும் அறிக்கைகளும் பின்னிணைப்பாகும். அனைத்தும் நீல அட்டையிட்ட பெருந்தொகுதிகளாக அச்சாகும். ‘நீலப் புத்தகம்’ என்று அவற்றை அழைத்தனர். ஆயிரக்கணக்கான வினா விடைகள் கொண்ட அத்தொகுதிகள் இன்றும் ஆராய்ச்சியாளருக்குச் சுரங்கங்கள்.

கல்வி குறித்துச் சான்று சொன்னோருள் சார்லஸ் டிரெவெல்யன், அலெக்சாண்டர் டஃப், ஜான் கிளார்க் மார்ஷ்மன், வடமொழி அறிஞர் ஹோரேஸ் ஹேமன் வில்சன் முதலியோர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் அதிகாரி, ஒருவர் சமயத் தொண்டர், ஒருவர் இதழாசிரியர், ஒருவர் பேராசிரியர். கருத்துகளும் பலவாக இருந்தன. அரசுப் பள்ளியில் விவிலிய வகுப்பை விரும்புவோர்க்கு மட்டும் வைக்கலாம் என்றது ஒரு கட்சி. அரசு தன் பள்ளியில் சமயத்தைத் தொடாமல் இருந்து, எச்சமயத்தார் நடத்தும் பள்ளியாயினும் உலகக் கல்வி நன்கு நடந்தால் அதற்கு மானியம் தரலாம் என்றது மற்றொரு கட்சி.

ஆனால் அந்த மேசையின் எதிரே கல்வி பற்றிச் சான்று சொல்ல அமர்ந்தோர் பெரும்பாலும் இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய வெள்ளையரே. மனு எழுதிய இலட்சுமிநரசு அங்குச் செல்லவில்லை. தாள் சென்றது, ஆள் செல்லவில்லை. தாளை எதிர்க்கேள்வி கேட்க முடியாது. அது தன்னை விளக்கவும் முடியாது. ஊர்க்கவுண்டர் முன் நிற்கும் குறையாளருக்கு இருந்த வாய்ப்பு, சென்னையின் பெருவணிகருக்கு இலண்டனில் இல்லாமற்போயிற்று.

ஆயினும் மனு வீண்போகவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமூர் 1853இல் சென்னைக்கு வந்து மாவட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். அவர் எழுப்பிய குரலின் விளைவாக வரி தண்டுவதில் நிகழ்ந்த சித்திரவதைகளை ஆராய ஆணையம் அமைந்தது. 1855இல் அதன் அறிக்கை வெளிவந்தது. கல்வித் துறையில், குழுக்களின் முன் நிகழ்ந்த விசாரணையை அடுத்து, 1854 ஜூலை 19ஆம் நாள் சார்லஸ் உட்டின் புகழ்பெற்ற கல்விக் கடிதம் வந்தது.

நூறு பத்திகள் கொண்ட அக்கடிதம் இரு கட்சிகளுக்கும் இடையே ஒரு நடுவழியைக் கண்டது. அரசுப் பள்ளிக் கல்வி சமயம் சாராததாக இருக்கும். விவிலியம் நூலகத்தில் இருக்கலாம். விரும்பும் மாணவர் எடுத்துப் படிக்கலாம். பள்ளி நேரத்திற்குப் புறம்பே ஐயம் கேட்டால் ஆசிரியர் விளக்கலாம். தனியார் பள்ளிக்கு மானியம் தரும்போது அங்கு நடக்கும் சமயப் போதனையை ஆய்வாளர் கணக்கிற் கொள்ளக் கூடாது. கண்ணை மூடிக்கொள்வதே நடுநிலை என்ற கொள்கை இவ்வாறு பிறந்தது. அரசுப் பள்ளி பற்றிய அச்சம் ஒருவாறு தணிந்தது. ஆனால் மானியம் பெறும் சமயப் பள்ளியில் வேற்றுச் சமயக் குழந்தை என்ன செய்யும் என்ற கேள்வி அப்படியே நின்றது.

ஒரே ஒரு பள்ளி உள்ள ஊர்

இந்தக் கேள்விக்கு இங்கிலாந்து தன் குழந்தைகளுக்கு 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் விடை கண்டது. பொதுத் தொடக்கப்பள்ளியில் சமயப் பாடம் வகுப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ மட்டும் நடைபெற வேண்டும்; வேண்டாத பெற்றோர் குழந்தையை அப்போது விலக்கிக்கொள்ளலாம். இதனை ‘மனச்சான்று விதி’ என்பர். இலங்கையில் சட்டநிரூபண சபையின் மார்கன் குழு 1867இல் அளித்த கல்வி அறிக்கையிலும் இவ்விதி பேசப்பெற்றது. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் 1848இலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார். நாவலரின் விடை வேறு வகையானது: மனுவை மட்டும் நம்பியிராமல் பள்ளியைத் தாமே கட்டினார்.

இந்தியாவில் 1882ஆம் ஆண்டு ஹண்டர் ஆணையம் ஒரு நுட்பமான இடத்தைத் தொட்டது. ஓர் ஊரில் ஒரு தரத்தில் ஒரே பள்ளிதான் உண்டு, அதில் சமயப் பாடமும் உண்டு என்றால், பள்ளியின் வேறெந்தப் பயனையும் இழக்காமல் குழந்தையை அப்பாடத்திலிருந்து விலக்கிக்கொள்ளப் பெற்றோர்க்கு உரிமை வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. நகரத்தில் இப்பள்ளி வேண்டாமெனில் அடுத்த தெருப் பள்ளிக்குப் போகலாம். ஒரே பள்ளி உள்ள ஊரில் ‘விருப்பம்’ என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை என்பதை ஆணையம் உணர்ந்திருந்தது. கொல்லிமலை போன்ற இடங்களுக்கே எழுதியதுபோல் தோன்றும் இவ்வரி, மலைவாழ்வோர் எவரும் கேட்டு எழுதப்பட்டதன்று.

மலையில் ஏறிய பள்ளி

கொல்லிமலைக்கு அக்கடிதங்களும் ஆணைகளும் ஏறி வரவில்லை. காய்ச்சல் ஏறியது, வட்டிக்காரர் ஏறினர், வரி தண்டுவோர் ஏறினர். பள்ளி தயங்கியே நின்றது. 1913இல் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவ்லினும் மலைமீது குடியேறி வாழவந்தியில் தங்கினர். மருந்து கொடுத்தனர், நரம்புச் சிலந்தி நோயைத் தடுக்கப் பாடுபட்டனர், பள்ளிகள் நடத்தினர். அதிகாரிகளிடம் மலைமக்களுக்காக ஜெஸ்ஸி பிராண்டு வழக்காடினார் என்று அவர் குடும்ப வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1914இல் இம்மலையில் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்டு பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கிய அறுவை மருத்துவராக உலகப் புகழ் பெற்றார். ஜெஸ்ஸி 1929இல் கருநீர்க் காய்ச்சலால் இம்மலையிலேயே இறந்தார். எவ்லின் முதுமையிலும் மலைகளை விட்டு அகலாமல் தொண்டாற்றி 1974இல் மறைந்தார்.

அவர்கள் சமயம் பரப்பவே வந்தனர். அதனை மறைக்கவும் இல்லை. அவர்கள் கொடுத்த எழுத்தும் மருந்தும் உண்மையானவை. எழுத்தோடு வந்த சமயமும் உண்மையானது. ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது. அக்காலத்து மலைக்குழந்தைக்கு முன் இருந்தவை இரண்டு: அந்தப் பள்ளி, அல்லது பள்ளியே இன்மை. ‘எங்கள் குழந்தைக்கு எழுத்து மட்டும் போதும்’ என்று ஒரு தந்தை கேட்டிருந்தால் அதனை எங்கே கேட்டிருப்பார்? எந்த மொழியில் எழுதியிருப்பார்? பெரியண்ணனை வணங்கும் வீட்டிலிருந்து அப்படியொரு மனு எழுந்ததில்லை. எழாமையை இசைவு என்று கொள்ளலாகாது. எதிர்ப்பு என்றும் கொள்ளலாகாது. எழுதப்படாத விண்ணப்பத்தின் உள்ளடக்கத்தை எந்த ஆவணக் காப்பகமும் வைத்திருக்கவில்லை.

அரசமைப்பின் விடை

விடுதலைக்குச் சற்று முன், 1947 ஜனவரியில், அரசியல் நிர்ணய சபை ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. வல்லபாய் படேல் அதன் தலைவர். அடிப்படை உரிமைகள், சிறுபான்மையினர், பழங்குடிப் பகுதிகள், விலக்கப்பட்ட பகுதிகள் ஆகிய அனைத்தும் அந்த ஒரே குழுவின் பொறுப்பில் இருந்தன. பள்ளியில் சமயம் என்ற கேள்வியும் பழங்குடியினர் உரிமை என்ற கேள்வியும் முதன்முறையாக ஒரே கூரையின்கீழ் அமர்ந்தன. பழங்குடியினர்க்காக அச்சபையில் முழங்கிய ஜெய்பால் சிங் சோட்டாநாக்பூர் முண்டா இனத்தவர். ராஞ்சியின் சமயப் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றவர். இம்முறை தாளோடு ஆளும் சென்றார். அவரை அங்குக் கொண்டு சேர்த்த எழுத்து எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

1948 டிசம்பர் 7ஆம் நாள் வரைவின் 22ஆம் உறுப்பு விவாதத்திற்கு வந்தது. சென்னை உறுப்பினர் முகமது இஸ்மாயில் சாகிப், கட்டாயம் இல்லையெனில் சமயக் கல்விக்குத் தடை வேண்டா என்று வாதிட்டார். அம்பேத்கர் மூன்று காரணங்களால் அதனை மறுத்தார். ஒரு சமயத்திற்கென வரி தண்டலாகாது என்று வகுத்த பின் அரசுப் பணத்தில் சமயம் கற்பித்தல் பொருந்தாது என்பது ஒன்று. இத்தனை சமயங்கள் உள்ள நாட்டில் எல்லாருக்கும் ஒப்பக் கற்பித்தல் இயலாது என்பது மற்றொன்று. தன் வழியே மெய்வழி என்னும் சமயங்கள் பள்ளிக்குள் மோதினால் அமைதி கெடும் என்பது மூன்றாவது. முதற்காரணத்தைப் படிக்கும்போது நூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் கூடிய கூட்டத்தின் குரல் கேட்பதுபோல் இருக்கிறது.

அவ்வுறுப்பே இன்றைய 28ஆம் உறுப்பு. முழுதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை இல்லை. அறக்கட்டளையின் விதிப்படி சமயம் கற்பிக்க வேண்டிய நிறுவனத்தை அரசு நிருவகித்தால் அதற்கு விலக்கு உண்டு. அரசின் ஒப்புதலோ மானியமோ பெறும் பள்ளியில், மாணவரின் இசைவின்றி, சிறுவராயின் காப்பாளரின் இசைவின்றி, சமயப் பாடத்திலோ வழிபாட்டிலோ எவரையும் பங்குகொள்ளச் செய்யலாகாது. ஹண்டர் ஆணையம் ஒரே பள்ளி உள்ள ஊர்க்குச் சொன்னது நாடு முழுமைக்கும் உரிமையாயிற்று.

கைரேகை

மனுக்களை ஆராயும் குழு நம் நாடாளுமன்றத்தின் பழமையான குழுக்களுள் ஒன்று. 1924இல் மத்திய சட்டசபையில் அமைந்த பொது மனுக்கள் குழுவே அதன் மூலம். இன்று மக்களவைக் குழுவில் பதினைந்து பேரும் மாநிலங்களவைக் குழுவில் பத்துப் பேரும் உறுப்பினர். அமைச்சர் எவரும் மக்களவைக் குழுவில் இடம்பெறார். குழு மனுவை ஆராயும்; சான்று கேட்கும்; பரிந்துரையோடு அவைக்கு அறிக்கை தரும். நீதிமன்றத்தில் உள்ள பொருளையும், மாநிலச் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டிய பொருளையும் அது எடுத்துக்கொள்ளாது. கல்வி 1977 தொடக்கம்வரை மாநிலப் பட்டியலில் இருந்தமையால், பள்ளி பற்றிய குறை அதுவரை பெரும்பாலும் தில்லிக்கு உரியதாக இல்லை. இன்று அது பொதுப்பட்டியலில் உள்ளது.

சமயம் பற்றிய கேள்வியும் ஓய்ந்துவிடவில்லை. எஸ்.பி. சவாண் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 1999இல் அளித்த 81ஆம் அறிக்கை, எல்லாச் சமயங்களின் அடிப்படைகளையும் மாணவர் அறிய வேண்டும் என்றது. அதன் வழி வந்த பாடத்திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனு எழுந்தது. சமயங்களைப் பற்றிக் கற்பதும் சமயப் போதனையும் வேறு வேறு என்று 2002 செப்டம்பரில் தீர்ப்பாயிற்று.

எல்லாச் சமயங்கள் என்னும் அப்பட்டியலில் மாசி பெரியண்ணன் இருப்பாரா? நம் மலைச் சாமிகளை ஒரு சாரார் பேய் என்றனர். நம் தமிழாசிரியரும் ஆய்வாளரும், ஏன், கவிஞராகிய நாமும் ‘சிறுதெய்வம்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். 28ஆம் உறுப்பு கட்டாயத்திலிருந்து குழந்தையைக் காக்கும். ஒரு சொல்லில் ஒளிந்திருக்கும் இழிவிலிருந்து காக்காது. அதனைக் காக்க வேண்டியவர் சொல்லைக் கையாள்வோரே.

மக்களவை விதிகளில் இரண்டு குறிப்புகள் இவ்விடத்தில் எண்ணத்தக்கன. எழுதத் தெரியாதவர் மனுவில் கைரேகை வைக்கலாம் என்கிறது ஒன்று. இந்தியோ ஆங்கிலமோ அல்லாத மொழியில் மனு எழுதினால் அவ்விரு மொழிகளுள் ஒன்றில் மொழிபெயர்ப்பு இணைத்துக் கையொப்பமிட வேண்டும் என்கிறது மற்றொன்று. முதல் விதி மலைமகனுக்குக் கதவைத் திறக்கிறது. இரண்டாம் விதி வாயிற்படியை உயர்த்துகிறது. குறைகளை நாட்டின் எந்த மொழியிலும் அளிக்கலாம் என்று அரசமைப்பின் 350ஆம் உறுப்பு கூறினும், அவையின் வாயிலில் தமிழ் மட்டும் தனித்து நிற்க இயலவில்லை. நம் சட்டப்பேரவை மனுக்கள் குழுவிற்குத் தமிழிலேயே எழுதலாம் என்பது ஆறுதல்.

இன்று குண்டனி நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். மலையில் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கிக் கல்லூரிக்குச் செல்வோரும் உண்டு. ஆயினும் வட்டாட்சியர் அலுவலகத்தின் முன் மரத்தடியில் மனு எழுதித் தருபவரைச் சுற்றி இன்றும் கூட்டம் இருக்கிறது. அவர் கேட்டதை எழுதுகிறார். சொன்னவரின் மொழியை அலுவலக மொழியாக மாற்றுகிறார். அந்த மாற்றத்தில் எவ்வளவு உதிர்கிறது என்பது சொன்னவருக்கும் அவருக்குமே தெரியும்.

பத்தாண்டுகளாகக் கவிதை எழுதியும் கேட்டும் வருகின்ற நம் வட்டத்தார்க்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. மேடைக்கு எழுதும் கை, மாதத்தில் ஒரு நாள் அம்மரத்தடியில் அமர்ந்து, ஒரு தாயின் குறையை அவர் சொன்னவாறே எழுதித் தரட்டும். வேண்டின் மொழிபெயர்த்தும் தரட்டும். எழுதி முடித்ததும் அதனை அவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று அவர் தலையசைத்த பின்பே கைரேகைக்குத் தாளை நீட்ட வேண்டும்.